வாடிக்கை யாருடையது? இணையக் கடைக்குத் தளம் தேர்வது குறித்து

சற்றே நீண்ட பதிவு. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

பள்ளுருத்தியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வசிக்கும் என் அத்தை, அண்டை வீட்டுப் பெண்கள் மூவரோடு சேர்ந்து அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் செய்து விற்பவர். முன்பெல்லாம் மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் உள்ள சில கடைகளுக்கும், பழகிய வீடுகளுக்கும் மட்டுமே கொடுத்துவந்தார். பெருந்தொற்று ஊரடங்கில் கடைகள் அடைபட்டபோது, அவருடைய மகன் ஒரு பெரிய இணையச் சந்தையில் விற்பனையாளர் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். வியாபாரம் மெல்ல வளர்ந்தது. திருச்சூருக்கும் கண்ணூருக்கும் பொட்டலங்கள் போயின. பழைய கடைகளுக்கு நடப்பதை அத்தை குறைத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. பொருளின் பக்கத்தில் ஏற்றியிருந்த படத்தில் உறையின் பின்புற விவரங்கள் தெளிவாக இல்லை என்பது காரணம். அது எங்கள் தரப்புப் பிழையே, மறுக்கவில்லை. அன்று மாலையே படத்தை மாற்றினோம். ஆயினும் எத்தனை முறை எழுதினாலும் இயந்திரம் எழுதிய ஒரே பதிலே திரும்பத் திரும்ப வந்தது. 24 நாள் கழித்துக் கணக்கு திறக்கப்பட்டபோது ஓணம் முடிந்திருந்தது. பண்டிகையை நம்பி வாங்கிவைத்த உளுந்துமாவும், இட்டுக் காயவைத்து அடுக்கிய அப்பளக் கட்டுகளும் வீட்டில் தேங்கிக் கிடந்தன.

அந்த நாள்களில் அத்தை நட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: "போன ஓணத்துக்கு வாங்கினவங்க இந்த வருசமும் தேடுவாங்க. யாருன்னே தெரியலையே, யார்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்குறது?"

மூன்றாண்டுகளாக விற்றிருக்கிறார். வாங்கியோர் எவருடைய தொலைபேசி எண்ணும் அவரிடம் இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டிய முகவரிச் சீட்டு பொட்டலத்தோடே போய்விட்டது. விற்றவர் அவர், வாடிக்கை மட்டும் வேறொருவருடையதாக இருந்தது.

இப்போது அத்தையின் மகன், இவ்வாண்டு ஓணத்துக்கு முன் சிறிது கடன் வாங்கிக் கடையை விரிவாக்க எண்ணுகிறான். எந்தத் தளத்தில் அந்தப் பணத்தைப் போடுவது என்று என்னைக் கேட்டான். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் எனக்கு வணிகவியல் துறையன்று. எனினும் நான்கு குடும்பங்களின் வருவாய் இதில் தங்கியிருப்பதால், சில வாரங்கள் இதையே படித்தேன். படித்ததிலிருந்து நான் வந்தடைந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் நுழைவது எவ்வளவு எளிது, தரகு எவ்வளவு குறைவு என்பவற்றைக் கொண்டே நாம் தளங்களை ஒப்பிட்டுவருகிறோம். அதைவிட்டு வெளியேறும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.

'வாடிக்கையாளர்' என்னும் சொல்லையே பாருங்கள். வாடிக்கை என்பது வழக்கம். கன்னடத்தில் வாடிகெ என்றாலும், தெலுங்கில் வாடுக என்றாலும் பொருள் ஏறத்தாழ அதுவே: வழக்கம், புழக்கம். ஒருமுறை வந்து வாங்கிப் போகிறவர் வாங்குபவர் மட்டுமே. மறுபடி வருவதை வழக்கமாக்கிக்கொண்டவரே வாடிக்கையாளர். ஆகவே ஒரு கடையின் மெய்யான முதல், அலமாரியில் உள்ள சரக்கைக் காட்டிலும், பிறர் மனத்தில் படிந்த அந்த வழக்கமே. இணையச் சந்தைத்தளம் செய்வது இந்த வழக்கத்தைக் கடையிடமிருந்து தன்னிடம் மாற்றிக்கொள்வது. கண்ணூரில் எங்கள் அப்பளத்தை வாங்கிய ஒருவர், "அந்தச் செயலியில் வாங்கினேன்" என்றே நினைவு வைத்திருப்பார். பள்ளுருத்தி அவர் நினைவில் இராது.

இதைச் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. முகமறியாத இருவரிடையே நம்பிக்கையை உண்டாக்குவது பெரும்பணி. 2007இல் பெங்களூரில் புத்தகங்கள் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010இல் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்ததும், 2013இல் அமேசான் இந்தியாவுக்கு வந்ததும், கடன் அட்டையைக் கண்டிராத பல்லாயிரம் வீடுகளை இணையத்தில் வாங்கப் பழக்கின. திருப்பி அனுப்பும் வசதி, பாழான பொருளுக்கு மாற்று, ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு ஆகியவற்றை நான்கு பெண்கள் தாமாக அமைத்துக்கொள்ள இயலாது. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குச் சந்தைத்தளம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்கலாமா என்பதுதான் வினா.

பள்ளுருத்திக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க அழகியகாவுக் கோயிலடிப் புலவாணிபமே போதும். தனு மாதத்துக் கடைசி வியாழனையொட்டி அங்கே கூடும் சந்தையில் பாய், முறம், கூடை, மண்பாண்டம், கருவாடு என்று பலவும் விற்கும். சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த புலையர் சமூகத்தார்க்கு ஆண்டில் அந்த ஒருநாள் மட்டும் அனுமதி இருந்தது என்பதே அந்தப் பெயருக்குப் பின்னுள்ள வரலாறு. சாதிக் கொடுமையையும் ஒரு கணக்கு முடக்கத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். அந்தச் சந்தையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு சிறு பாடம் மட்டும். அனுமதியின் பேரில் கூடும் சந்தையில் இடம் நம்முடையதன்று. பொழுது சாய்ந்தால் எழுந்து போக வேண்டும். ஆனால் அங்கே பாய் விற்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்க்கிறார். "அடுத்த வருசமும் இந்த மரத்தடியிலதான் இருப்பேன்" என்று சொல்லி அனுப்புகிறார். சந்தை கலைந்தபின்னும் வாடிக்கை அவரோடு வீட்டுக்குப் போகிறது. இணையச் சந்தையில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் வழியில்லை.

இனி, நம் கைக்கெட்டும் வழிகள் யாவை என்று பார்க்கலாம். அவை நான்கு வகைப்படும். முதலாவது அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற சந்தைத்தளங்கள். குடும்பஸ்ரீயும் தமிழ்நாட்டின் மதி சந்தையும் நடத்தும் அரசுசார் இணைய விற்பனையும் நோக்கத்தில் வேறாயினும் அமைப்பில் இவ்வகையே. இரண்டாவது ஷாப்பிஃபை போன்று மாத வாடகைக்குச் சொந்தக் கடையை அமைத்துத் தரும் நிறுவனங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவும் இத்தகைய சேவை தருகிறது. மூன்றாவது வேர்ட்பிரஸ்மீது இயங்கும் வூகாமர்ஸ் போன்ற திறந்த மூலநிரல்; நிரல் இலவசம், இடவாடகையும் பராமரிப்பும் நம் பொறுப்பு. நான்காவது ஓஎன்டிசி எனப்படும் திறந்த வலையமைப்பு.

வழக்கமாக இவற்றைத் தரகு வீதத்தைக் கொண்டு ஒப்பிடுவார்கள். ஆனால் தரகு வீதம் நம்மைக் கேட்டு மாறுவதன்று. மீஷோ 2021இல் விற்பனையாளருக்குத் தரகே இல்லை என்று அறிவித்தது. 2025 ஏப்ரலில் அமேசான் 300 ரூபாய்க்குக் குறைந்த பல வகைப் பொருள்களுக்குப் பரிந்துரைக் கட்டணத்தை நீக்கியது. இரண்டும் சிறு விற்பனையாளருக்கு நன்மையே. எனினும் தரகு இல்லாத தளமும் விளம்பரத்திலும் சரக்குப் போக்குவரத்திலும் வருவாய் ஈட்டுகிறது. தேடலின் முதல் பக்கத்தில் நிற்க விரும்புபவர் அந்த வழியில் கொடுத்தாக வேண்டும். இன்று நீக்கப்பட்ட கட்டணம் நாளை திரும்பி வரலாம். அப்படி வரும் நாளில் "சரி, நான் வேறிடம் போகிறேன்" என்று சொல்லக்கூடியவருக்கே பேரம் பேசும் வலிமை உண்டு. வாடிக்கையாளர் பட்டியல் இல்லாதவர் அதைச் சொல்ல இயலாது. ஆகவே தரகு என்பதுகூட, வெளியேறும் ஆற்றலோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய ஒன்றே.

இடர் தரகோடு நிற்பதன்று. பணமே தளத்தின் கையில் தங்குகிறது. வாங்குபவர் கொடுத்த தொகை சில நாளோ சில வாரமோ அங்கே இருந்து, பின்னரே விற்பனையாளரை அடைகிறது. தளம் நலமாக உள்ளவரை இது வெறும் காத்திருப்பு. நலம் கெட்டால் என்னவாகும் என்பதற்கு அண்மைச் சான்று கியூடென். 2011இல் தொடங்கி 2016இல் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட நம் நாட்டு ஷாப்குளூஸை 2019இல் வாங்கிய சிங்கப்பூர் நிறுவனம் அது. 2024 ஜூலையில் தென்கொரியாவில் அதன் துணை நிறுவனங்களான டிமோனும் வீமேக்பிரைஸும் விற்பனையாளர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்க இயலாமல் நின்றன. செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் கியூடெனின் பணப் பட்டுவாடாச் சேவையை நிறுத்த உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த விற்பனையாளர்கள் தேர்ந்தபோது அது பெரிய, புகழ்பெற்ற தளம்தான். ஒரு தளத்தின் பருமன் அதன் உறுதிக்குச் சான்றாகாது.

இந்தியச் சூழலில் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. 2016இல் வந்த யூபிஐ, 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கழிவுக் கட்டணம் பெறாத முறையாயிற்று. அத்தை தம் கியூஆர் அட்டையைக் காட்டிப் பெறும் பணம் அப்போதே அவர் வங்கிக் கணக்கில் சேர்கிறது. வெளிநாட்டு ஒப்பீட்டுக் கட்டுரைகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. அவை அட்டை வழிப் பணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஷாப்பிஃபை தன் சொந்தப் பணவசதியை எல்லா நாட்டிலும் தருவதில்லை. அது இல்லாத இடத்தில் வெளியார் கட்டணவாயிலைச் சேர்த்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் கூடுதலாக ஒரு வீதம் போகும். அமெரிக்கக் கடைக்கு உகந்த விடை பள்ளுருத்திக் கடைக்கும் உகந்ததாக இருக்க வேண்டியதில்லை.

சட்டமும் இவ்வாறே ஊர் பார்த்துப் பொருள்படுவது. இணையச் சந்தையில் விற்கும் எவரும், ஆண்டு வருவாய் எவ்வளவு குறைவாயினும், ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும் என்றே முதலில் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், தன் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு விற்பனையாளருக்கு இது தளர்த்தப்பட்டது. ஆனால் வரிக்குரிய பொருள் மாநில எல்லையைத் தாண்டினால், எந்தத் தளமாயினும் பதிவு வேண்டும். எங்களைப் போன்றோருக்கு இது புறக்கணிக்கத்தக்க நுட்பமன்று. உறவும் வாடிக்கையும் பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் விரிந்து கிடக்கையில், சட்டத்தின் கோடு வாளையாற்றில் விழுகிறது. அப்பளத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. எந்தப் பெயரால் அறியப்பட்டாலும் அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்பது விதி. 2021 ஆகஸ்டில் வட்ட அப்பளத்துக்கு வரியில்லை, சதுர அப்பளத்துக்கு உண்டு என்றொரு பேச்சுப் பரவியபோது, வடிவத்தைக் கொண்டு வேறுபாடு இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் விளக்கமளித்தது.

'எந்தப் பெயரால் அறியப்பட்டாலும்' என்ற அந்தத் தொடர், மொழியியல் மாணவியான என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. சட்டம் புரிந்துகொண்ட ஒன்றைத் தளங்களின் தேடுபெட்டி இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை. தமிழில் அப்பளம், தெலுங்கில் அப்படம், கன்னடத்தில் ஹப்பள, மலையாளத்தில் பப்படம், இந்தியில் பாபட். கன்னியாகுமரித் தமிழரும் பப்படம் என்பர். இவை ஒரு சொல்லின் பல வடிவங்கள் என்று மட்டும் கொண்டாலும் தவறாகும். சோடாக்காரம் சேர்த்துப் பொங்கப் பொரியும் கேரளப் பப்படமும், மெல்லியதாக மொரமொரக்கும் தஞ்சாவூர் அப்பளமும் நாவுக்கு வேறு வேறு. மட்டாஞ்சேரியில் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும், இரண்டு பெயரோடு. மோர்மிளகாயை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூடும். மலையாளத்தில் அது கொண்டாட்டம் முளகு. வற்றல் வகைக்கே அங்கே கொண்டாட்டம் என்று பெயர். சென்னையிலிருந்து ஒருவர் அந்தச் சொல்லைக் கண்டால் ஏதோ விழா என்றே எண்ணுவார்.

2020இல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழ் இடைமுகம் தந்தன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பொத்தான்களும் பட்டியல்களும் தமிழில் இருப்பது வேறு. ஒரு பொருளுக்கு அதைச் செய்பவர் இட்ட பெயர் நிலைபெறுவது வேறு. சந்தைத்தளத்தில் பொருள் வகை மரம் முன்பே வளர்க்கப்பட்டிருக்கிறது. அதில் எந்தக் கிளையில் நம் பொருளைத் தொங்கவிடுவது என்று தேர்வதே நமக்குள்ள உரிமை. எங்கள் மோர்மிளகாய் ஊறுகாய்க் கிளையில் சிலநாள், மசாலாக் கிளையில் சிலநாள் தொங்கியது. இரண்டிலும் அதைத் தேடி வந்தவர் குறைவு. சொந்தக் கடைத்தளத்தில் ஒரே பக்கத்தில் மோர்மிளகாய், கொண்டாட்டம் முளகு, தயிர் மிளகாய் என மூன்று பெயரும், தமிழ், மலையாளம், உரோமன் ஆகிய மூன்று எழுத்தும், மக்கள் தட்டச்சும் பிழைவடிவங்களும்கூட இடம்பெறலாம். பன்மொழி வழங்கும் ஊரில் கடை நடத்துபவருக்கு இது அழகுக்காகச் செய்வதன்று. கண்டுபிடிக்கப்படுவதற்கே இதுதான் வழி.

அப்படியானால் எல்லாரும் சொந்தத் தளத்துக்குப் போய்விடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. தெருவில் கடை திறந்தால் போகிறவர் வருகிறவர் பார்ப்பார். இணையத்தில் திறந்த கடையின் வாசலில் எவரும் நடப்பதில்லை. அழைத்து வருவது நம் வேலை. பராமரிப்பும் அவ்வாறே. மஜெண்டோ என்னும் புகழ்பெற்ற கடை மென்பொருளின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30உடன் ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன்மேல் கடை கட்டியிருந்தோர் புதிய பதிப்புக்கு ஏறத்தாழப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. இலவச நிரல் என்பது இலவசமாகக் கிடைத்த கன்றுக்குட்டி போன்றது. தீவனம் நாம்தான் போட வேண்டும். வீட்டில் அதைக் கவனிக்க ஒரு கை இல்லையென்றால், மாத வாடகைக் கடையே மேல். ஆனால் அங்கும் வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் ஒரு கோப்பாகத் தரவிறக்க முடிகிறதா என்று முதல் நாளே செய்து பார்த்துவிட வேண்டும். முடியுமென்று விளம்பரத்தில் வாசிப்பதோடு நிற்கலாகாது.

திறந்த வலையமைப்பைப் பற்றிக் கொச்சிக்காரர் பேசச் சற்று உரிமை உண்டு. அதன் அடிப்படையாகிய பெக்கன் நெறிமுறை, நகரப் போக்குவரத்துக்காக 2021இல் கொச்சியில் செயலுக்கு வந்தது. கொச்சித் திறந்த போக்குவரத்து வலையமைப்பு என்பது அதன் பெயர். அதே ஆண்டு டிசம்பர் 31இல் ஓஎன்டிசி நிறுவனமாகப் பதிவாயிற்று. 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர், பெங்களூரு, டெல்லி, போபால், ஷில்லாங் ஆகிய ஐந்து நகரங்களில் சோதனை தொடங்கியது. வாங்குபவர் ஒரு செயலியிலும் விற்பவர் வேறொரு செயலியிலும் இருந்துகொண்டு வணிகம் செய்யலாம் என்பதே இதன் கரு. விற்பவர் தம் செயலியை மாற்றினாலும் வலையமைப்பை இழப்பதில்லை. வெளியேறும் உரிமையை அமைப்பிலேயே வைத்த முயற்சி என்ற அளவில் இதை மதிக்கிறேன். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவரைத் தளையிலிருந்து விடுவித்தாலும், வாங்குபவரின் வழக்கம் அவர் கைப்பேசியில் திறக்கும் செயலியிடமே தங்குகிறது. பொட்டலத்தைக் கொண்டு சேர்க்க முகவரி கிடைக்கும். அதனால் உறவு வாய்த்துவிடாது. ஆகவே இதையும் ஒரு சந்தை வாசலாகக் கொள்ளலாம், வீடாகக் கொள்ளலாகாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். வாங்குபவரின் எண்ணை மறைப்பது அவருடைய தனியுரிமைக்காக அன்றோ? ஆம், அது நேர்மையான காரணம். விற்பவர் எல்லாரும் யோக்கியர் அல்லர். பெண்களின் எண்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை முதன்மையாக வைக்கிறது. எனவே எண்ணைப் பறித்துக் கொடுங்கள் என்று எவரும் தளங்களைக் கேட்க வேண்டியதில்லை. விரும்புபவர் தாமே தருவதற்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவே. பொட்டலத்துக்குள் விளம்பரச் சீட்டு வைப்பதைப் பல சந்தைத்தளங்களின் விதிகள் தடுக்கின்றன. ஆனால் சட்டமே திறந்துவைத்த ஒரு வழி உண்டு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி, செய்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவற்றோடு, குறை தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உறையில் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை எந்தத் தளமும் நீக்க இயலாது.

எந்த உறையின் படம் தெளிவில்லை என்று கணக்கு முடங்கியதோ, அதே உறைதான் சென்ற ஓணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. கணக்கு மூடிக்கிடந்த நாள்களில் ஐந்து பேர் பழைய உறையைப் பார்த்து அழைத்தார்கள். இரிஞ்ஞாலக்குடையிலிருந்து பேசிய ஒரு அம்மா, "நிங்ஙள் நிர்த்தியோ?" என்று கேட்டாராம். நிறுத்திவிட்டீர்களா என்று பொருள். அத்தை அந்த ஐந்து எண்களையும் கணக்கு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். மூன்றாண்டு இணைய வணிகத்தில் அவருக்கென்று மிஞ்சிய வாடிக்கை அந்த ஐந்து வரிகள்தாம்.

அத்தையின் மகனுக்கு நான் சொன்ன யோசனையைச் சுருக்கமாகத் தருகிறேன். கடன் வாங்கும் தொகையின் பெரும்பகுதி சந்தைத்தள விளம்பரத்துக்குப் போக வேண்டாம். முதலில் கடையின் பெயரில் ஓர் இணைய முகவரி. அது கடையை நடத்துபவரின் பெயரிலேயே பதிவாக வேண்டும், அமைத்துக் கொடுக்கும் நண்பரின் பெயரில் அன்று. அதன்மேல் பத்துப் பொருள் கொண்ட எளிய கடை. வீட்டில் தொழில்நுட்பம் அறிந்தவர் எவருமில்லை என்பதால் இப்போதைக்கு மாத வாடகைக் கடையே போதும். தரவிறக்கிய பட்டியலை மாதந்தோறும் அத்தையின் நோட்டிலும் ஏற்ற வேண்டும். பழைய வாடிக்கையாளருடன் பேச வாட்ஸ்அப். ஆனால் அதுவும் பிறர் இடமே, அந்த எண்ணும் ஒருநாள் முடக்கப்படலாம் என்ற நினைவோடு. சந்தைத்தளக் கணக்கு இருக்கட்டும். புதியவர் நம்மைக் காணும் இடம் அது. வாரச் சந்தைக்குப் போவதுபோல் அங்கே போய்வரலாம். அங்கிருந்து வரும் வருவாய் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அதை வளர்ச்சி என்று மகிழாமல், எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரிக் கடைகளுக்கு மறுபடி நடக்கத் தொடங்கலாம். ஒருமுறை உணவுப் பாதுகாப்புப் பதிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் உள்ளவருக்கு வெறும் பதிவு போதும், அதற்குமேல் உரிமம் வேண்டும்.

இந்த யோசனை பிழையாகவும் போகலாம். முதல் ஆறு மாதம் விற்பனை குறையக்கூடும் என்று அவனிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். கடனுக்கு வட்டி அந்த ஆறு மாதமும் ஓடும். அதனால்தான் தொகையைப் பாதியாக்கச் சொன்னேன். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அத்தை மட்டும் உறையில் எண்ணைப் பெரிதாக அச்சிடச் சொல்லிவிட்டார்.

இறுதியாக, ஆய்வுலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறுவணிகரின் எண்மமயமாதல் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் வருகின்றன, பயிலரங்குகள் நடக்கின்றன. அவற்றின் வினாநிரல்களில் நான் மீண்டும் மீண்டும் காண்பது, தளத்தில் இணைந்தீர்களா, எப்போது இணைந்தீர்கள், விற்பனை எத்தனை விழுக்காடு கூடியது என்னும் வினாக்களே. இணைந்தோர் எண்ணிக்கையே வெற்றியின் அளவாகிவிடுகிறது. அரசுத் திட்டங்களும் அதே எண்ணிக்கையைத் தம் சாதனையாகக் காட்டுகின்றன. என் அத்தை அத்தகைய ஏதேனும் ஒரு பட்டியலில் 'இணைந்தவர்' என்று இன்றும் இருக்கக்கூடும், கணக்கு முடங்கிக் கிடந்த அந்த 24 நாள்களையும் சேர்த்து.

அடுத்த முறை களத்துக்குப் போகும்போது வினாநிரலில் ஒரு வினாவைக் கூட்டுங்கள்: "நாளை இந்தத் தளம் இல்லையென்றால், உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேரை நீங்களாகவே அழைக்க முடியும்?" விடையாக வரும் எண் சிறியதாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். அந்த எண்ணிலிருந்து நம் ஆய்வு தொடங்கினால், அடுத்த ஓணத்துக்குக் கடன் வாங்க நிற்கும் வேறொரு வீட்டுக்கு அது உதவும்.